நெல் இருக்கும் கோட்டை

ஐயப்பன்தாங்கல் பஸ் டெப்போவிலிருந்து ஐந்து நிமிட நடையில், ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில் அந்த பிரவுசிங் சென்டர் இருந்தது. 2003ஆம் ஆண்டு. ஐந்து கம்ப்யூட்டர்கள், இடையிடையே பிளைவுட் தடுப்பு, மூலையில் ஒரு டேபிள் ஃபேன். மணிக்கு 20 ரூபாய். பகலில் பரீட்சை முடிவு பார்க்கவும் வேலைக்கு விண்ணப்பம் போடவும் ஆட்கள் வருவார்கள். மாலை ஐந்து மணிக்கு மேல் பையன்களின் ராஜ்யம். நான்கு கம்ப்யூட்டர்களில் கவுன்டர் ஸ்ட்ரைக் ஓடும். துப்பாக்கிச் சத்தம் கீழே படிக்கட்டு வரை கேட்கும். ஐந்தாவதில் ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் சத்தமில்லாமல் மரம் வெட்டிக்கொண்டிருப்பான்.

“என்னடா தம்பி, வந்ததுலேர்ந்து மரமே வெட்டிக்கினு இருக்க?” என்று கடைக்கார அண்ணன் ஒருநாள் கேட்டார்.

“மரம் முடிஞ்சுதுண்ணா. இப்ப கல்லு எடுக்கறேன். கோட்டைக்கு 650 கல்லு வேணும்.”

அவன் ஆடிக்கொண்டிருந்தது ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் இரண்டாம் பாகம். என்செம்பிள் ஸ்டுடியோஸ் உருவாக்கி, மைக்ரோசாஃப்ட் 1999இல் வெளியிட்டது. ஒரு ஊர் மண்டபம், மூன்று குடியானவர்கள், குதிரையில் ஒரு ஒற்றன். தொடக்கத்தில் கையில் இருப்பது அவ்வளவுதான். திரையின் மற்ற இடமெல்லாம் கருப்பு. ஒற்றன் போகப் போக இருட்டு விலகி ஆடும் மானும் தங்கப் பாறையும் தெரியவரும். இருண்ட காலத்தில் தொடங்கி, நிலப்பிரபுக் காலம், கோட்டைக் காலம், பேரரசுக் காலம் என்று நான்கு படிகள் ஏற வேண்டும். மூன்றாவது படிக்கு வந்தால்தான் கோட்டை கட்ட அனுமதி. அதற்குத்தான் அந்த 650 கல்.

ஒரு மணி நேரத்தில் அந்தக் கோட்டை எழும்பி முடிவதற்குள் நேரம் தீர்ந்துவிடும். துப்பாக்கி விளையாட்டில் ஒரு சுற்று சில நிமிடங்களில் முடிந்துவிடும். 20 ரூபாய்க்குப் பத்துப் பதினைந்து சுற்று கிடைக்கும். அவனுக்குக் கிடைத்தது பாதிச் சுவர். ஆட்டத்தைச் சேமித்துவிட்டுப் போவான். மறுவாரம் வந்து பார்த்தால் அந்தக் கம்ப்யூட்டரை யாரோ துடைத்துவைத்திருப்பார்கள். ஆகவே ஒரு நாற்பது பக்க நோட்டில் கணக்கு எழுதத் தொடங்கினான். எத்தனையாவது நிமிடத்தில் எத்தனை குடியானவர்கள், எத்தனை பேர் விறகுக்கு, எத்தனை பேர் வயலுக்கு. அந்த நோட்டைப் பார்த்த அண்ணன், மூடும் நேரத்துக்குப் பிறகு அவனுக்கு மட்டும் பத்து நிமிடம் கூடுதலாக விட்டார். அந்தப் பத்து நிமிடத்தில்தான் அவனுடைய முதல் கோட்டை முழுதாக எழுந்தது. மஞ்சள் கொடி பறந்தது. எதிரி வருவதற்குள் கடையின் ஷட்டரை இறக்கிவிட்டார்கள்.

ஏன் கோட்டை? இந்தக் கேள்வியை அவனிடம் பலர் கேட்டிருக்கிறார்கள். கிரிக்கெட் விளையாட்டு இருந்தது, கார் பந்தயம் இருந்தது, ஊரே ஜிடிஏ வைஸ் சிட்டியில் மூழ்கிக் கிடந்த காலம் அது. ஐயப்பன்தாங்கலில் அப்போது காலி மனைகள் ஒவ்வொன்றாக வீடாகிக்கொண்டிருந்தன. கடைக்கால் தோண்டி, கருங்கல் நிரப்பி, செங்கல் அடுக்கி, சென்ட்ரிங் பலகை அடித்து ஒரு மாடி எழுவதைத் தினமும் பள்ளிக்குப் போகும் வழியில் பார்த்து வளர்ந்தவன் அவன். அவனுடைய குடும்பமும் அப்படியொரு மனையில்தான் சிறுகச் சிறுகப் பணம் சேர்த்து வீடு கட்டியது. ஒன்றுமில்லாத இடத்தில் ஒன்று எழுவதைப் பார்ப்பதில் அவனுக்கு இருந்த ஆசை, எதையும் சுட்டு வீழ்த்துவதில் இல்லை.

2004 கோடை விடுமுறையில் வீட்டுக்கு கம்ப்யூட்டர் வந்தது. அப்பா அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் பட்டறையில் டர்னர். ஓவர்டைம் காசைச் சேர்த்து, பெரியம்மா பையனை அழைத்துக்கொண்டு ரிச்சி தெருவுக்குப் போனார். மவுண்ட் ரோடுக்குப் பக்கத்தில், சிந்தாதிரிப்பேட்டையை ஒட்டிய அந்தச் சந்துகளில் மதர்போர்டு ஒரு கடை, கேபினெட் ஒரு கடை, மானிட்டர் ஒரு கடை என்று அலைந்து சேர்த்த பெட்டி. ரேம் 128 எம்.பி. “படிக்கத்தான்” என்பது அப்பாவின் ஒரே நிபந்தனை. திரும்பும்போது பெரியம்மா பையன் பிளாட்ஃபாரத்தில் ஒரு சிடி வாங்கி அவன் கையில் வைத்தான். உறை மங்கலாக அச்சாகியிருந்தது. அசல் சிடி அல்ல. அந்த விளையாட்டைச் செய்தவர்களுக்கு அதில் ஒரு ரூபாயும் போகவில்லை என்பது அவனுக்குப் புரியச் சில ஆண்டுகள் ஆயின. சொந்தச் சம்பளம் வந்ததும் முதலில் காசு கொடுத்து வாங்கிய விளையாட்டு அதுதான்.

ஸ்ட்ராங்ஹோல்ட் குருசேடர். லண்டனைச் சேர்ந்த ஃபயர்ஃபிளை ஸ்டுடியோஸ் 2001இல் ஸ்ட்ராங்ஹோல்டையும், அடுத்த ஆண்டே அதன் பாலைவன வடிவமான குருசேடரையும் வெளியிட்டிருந்தது. சிலுவைப்போர்க் காலம். எதிரில் ‘எலி’, ‘பாம்பு’, ‘பன்றி’, ‘ஓநாய்’ என்று பட்டப்பெயர் கொண்ட பிரபுக்கள். கூடவே சலாதீனும் ரிச்சர்டும்.

முதல் ஆட்டத்தில் அவன் பழைய பழக்கத்தில் மதிலைத்தான் கட்டினான். இருந்த கல்லையெல்லாம் போட்டு உயரமான மதில், நான்கு மூலையிலும் கோபுரம். எலிப் பிரபு இன்னும் படை கிளப்பவில்லை. ஆனால் அரண்மனை வாசலில் நெருப்பைச் சுற்றி உட்கார்ந்திருந்த ஆட்கள் ஒவ்வொருவராக எழுந்து வெளியே நடக்கத் தொடங்கினார்கள். கல் உடைப்பவன் போனான். மரம் வெட்டுபவன் போனான். திரையின் கீழ்மூலையில் மக்கள் மதிப்பு என்ற எண் இறங்கிக்கொண்டே வந்தது. அது 50க்கு மேல் இருந்தால் ஆட்கள் வருவார்கள். கீழே போனால் வெளியேறுவார்கள். இதுதான் அந்த விளையாட்டின் அடிப்படை விதி என்பது அவனுக்குத் தெரியாது. மதில் அப்படியே நின்றது. உள்ளே ஆளில்லை.

பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த அம்மா கேட்டாள்:

“ஏன்டா எல்லாரும் கிளம்பிப் போறாங்க?”

“தெரியலம்மா.”

“சாப்பாடு இருக்கா அவங்களுக்கு?”

களஞ்சியத்தை அழுத்திப் பார்த்தான். காலி.

இரண்டு விளையாட்டுகளுக்கும் நடுவே இருந்த வேறுபாடு அன்றைக்குத்தான் அவனுக்குப் பிடிபட்டது. ஏஜ் ஆஃப் எம்பயர்ஸில் ஒரு குடியானவனை உருவாக்க 50 உணவு கொடுத்தால் போதும். அதற்குப் பிறகு அவன் ஆட்டம் முடியும்வரை உழைப்பான், சண்டை போடுவான், சாவான். ஒரு கவளம்கூடக் கேட்க மாட்டான். ஸ்ட்ராங்ஹோல்டில் குடிமக்கள் சாப்பிடுகிறார்கள். எப்போதும் சாப்பிடுகிறார்கள். ரொட்டிக்குக் கோதுமை வயல் போட வேண்டும். கோதுமை கிடங்குக்கு வர வேண்டும். அங்கிருந்து காற்றாலை மாவாக்க வேண்டும். மாவை அடுமனைக்காரர் தூக்கிக்கொண்டு போய் ரொட்டி சுட்டுக் களஞ்சியத்தில் சேர்க்க வேண்டும். ஒவ்வொருவரும் நடந்து போய், நடந்து வருவது திரையில் தெரியும். வயல் தூரத்தில் இருந்தால் ரொட்டி தாமதமாகும். ரொட்டி மட்டும் போட்டால் ஒரு மதிப்பு. ஆப்பிள், பாலாடைக் கட்டி, இறைச்சி என்று வகை கூடினால் மக்கள் மதிப்பும் கூடும். அரைப் படி அளந்தால் முணுமுணுப்பார்கள். இரட்டைப் படி அளந்தால் வரியைக் கொஞ்சம் ஏற்றினாலும் பொறுத்துக்கொள்வார்கள்.

குருசேடரில் இன்னொரு முடிச்சும் உண்டு. பாலைவனத்தில் எல்லா இடத்திலும் வயல் போட முடியாது; பசும்புல் இருக்கும் சோலைத் திட்டில் மட்டும்தான். அந்தத் திட்டு பெரும்பாலும் மதிலுக்கு வெளியே கிடக்கும். எதிரியின் அடிமைப்படை தீப்பந்தத்தோடு நேராக அங்கேதான் வரும். ஆகவே எதை மதிலுக்கு உள்ளே கொண்டுவருவது, எதை வெளியே விடுவது என்பதுதான் முழு ஆட்டமும். அந்தக் கோடை முழுக்க அவன் கோட்டை வரைபடம் போட்டான். பழைய நாற்பது பக்க நோட்டு நூற்றறுபது பக்கமாயிற்று. அம்மாவிடம் கேட்டுக் கேட்டுக் கணக்குப் போட்டான். வீட்டில் மாதத் தொடக்கத்தில் ரேஷன் அரிசியும் கடை அரிசியும் தனித்தனி டிரம்மில் விழும். எந்த டிரம் எந்தத் தேதி வரை என்று அவள் கையால் துழாவியே சொல்லிவிடுவாள்.

பன்னிரண்டாம் வகுப்பில் தமிழ் ஐயா திருக்குறளின் அரண் அதிகாரத்துக்கு வந்தார். 75ஆவது அதிகாரம். நீர், வெட்டவெளி நிலம், மலை, காடு என்று வள்ளுவர் நான்கு வகைக் காப்பைச் சொல்கிறார் என்று விளக்கிவிட்டு, அடுத்து வருவதைக் கவனிக்கச் சொன்னார். கோட்டை என்றால் பிடிப்பதற்கு அரிதாக இருக்க வேண்டும் என்பதோடு வள்ளுவர் நிறுத்தவில்லை. உள்ளே வேண்டிய உணவு இருக்க வேண்டும், உள்ளிருப்பவர்கள் தங்குவதற்கு எளிதாகவும் இருக்க வேண்டும் என்று சேர்த்துக்கொள்கிறார். கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த அவனுக்கு அந்தக் காலிக் களஞ்சியம் கண்ணில் வந்து நின்றது.

அதே வாரத்தில் ஐயா பாரியின் கதையைச் சொன்னார். மூவேந்தரும் சேர்ந்து பறம்பு மலையை முற்றுகையிட்டு நின்றபோது கபிலர் அவர்களைப் பார்த்துப் பாடியது புறநானூற்றில் 109ஆவது பாட்டு. மதிலின் உயரத்தையோ வீரர்களின் எண்ணிக்கையையோ கபிலர் முதலில் எடுக்கவில்லை. உழவர் உழாமலே அந்த மலையில் நான்கு விளைகின்றன என்று தொடங்குகிறார்: மூங்கில் நெல், பலாப்பழம், வள்ளிக்கிழங்கு, தேன். எத்தனை யானையைக் கட்டினாலும் எத்தனை தேரை நிறுத்தினாலும் போரிட்டு வாங்க முடியாது. யாழ் மீட்டிப் பாடி, ஆடிக்கொண்டு போனால் மலையையும் நாட்டையும் பாரியே கொடுத்துவிடுவான் என்று முடிக்கிறார். முற்றுகையில் நிற்பவனிடம் உள்ளே இருக்கும் சாப்பாட்டுக் கணக்கைச் சொல்வதுதான் ஒரு புலவர் கையில் எடுக்கக்கூடிய பெரிய ஆயுதம் என்பது அவனுக்கு விளங்கியது. முற்றுகைக்கு உழிஞை என்றும், மதிலைக் காத்து நிற்பதற்கு நொச்சி என்றும் தமிழில் தனிப் பெயர்கள் இருப்பதையும், அவற்றைப் பூச்சூடி அடையாளம் காட்டிய மரபையும் அன்று தெரிந்துகொண்டான்.

சிலப்பதிகாரத்தின் அடைக்கலக் காதையைத் தேடிப் படித்தது தேர்வுக்காக அல்ல. 1892இல் உ.வே.சாமிநாதையர் அடியார்க்குநல்லார் உரையோடு பதிப்பித்த நூல் அது. மாதரி கண்ணகியை அழைத்துக்கொண்டு ஆயர்பாடிக்குப் போகும் வழியில் மதுரையின் மதில் வருகிறது. மதில்மேல் தானே வளைந்து அம்பு எய்யும் பொறி, கல் வீசும் கவண், மேலிருந்து ஊற்றக் கொதிக்கும் எண்ணெய், பாகு காய்ச்சும் குழிசி, உலோகம் உருக்கும் உலை. ஸ்ட்ராங்ஹோல்டில் பொறியாளர் ஒருவர் எண்ணெய்க் கொப்பரையைத் தூக்கிக்கொண்டு மதில்மேல் ஏறிக் காத்திருப்பார். அந்த உருவத்தைச் சீமைக் கோட்டைகளுக்கே உரியதென்று அவன் நினைத்திருந்தான். மதுரைக்கு அது பழைய செய்தி.

அதற்குப் பிறகு விளையாட்டுகளை அவன் தேர்ந்தெடுத்த விதம் மாறியது. கடையில் பெட்டியின் பின்பக்கத்தைப் படிக்கும்போதும், பின்னாளில் யூடியூபில் பத்து நிமிட விளையாட்டைப் பார்க்கும்போதும் அவன் தேடியது ஒன்றுதான்: இந்தக் கோட்டைக்குள் இருப்பவர்கள் சாப்பிடுகிறார்களா? அந்தக் கேள்விக்கு ஆம் என்றால் மற்றதைப் பார்ப்பான்.

2006இல் வந்த மெடீவல் இரண்டாம் பாகம், டோட்டல் வார் வரிசையில் பெரிய பெயர். அதற்கு 512 எம்.பி. ரேம் வேண்டும். அவனுடைய பெட்டியில் இருந்தது நான்கில் ஒரு பங்கு. கல்லூரியில் நண்பன் அறையில்தான் அதை ஆடிப் பார்த்தான். அதில் ஒவ்வொரு ஊரையும் கோட்டையாக வைத்துக்கொள்வதா நகரமாக்குவதா என்று தீர்மானிக்க வேண்டும். கோட்டையானால் நல்ல படை கிடைக்கும். நகரமானால் பணம் கிடைக்கும். எல்லாவற்றையும் கோட்டையாக்கிய நண்பன் சம்பளம் கொடுக்க முடியாமல் படையைக் கலைத்தான். போர்க்களத்தில் ஆயிரக்கணக்கான வீரர்கள் மோதும் காட்சியைப் பார்க்க அறையே கூடும். அவனுக்கு அந்த ஒரு தீர்மானம்தான் விளையாட்டின் உயிராகப் பட்டது.

செஞ்சிக்குப் போனது 2008இல், கல்லூரி நண்பர்கள் நால்வரோடு. திண்டிவனத்தில் இறங்கி, திருவண்ணாமலை சாலையில் பஸ் மாறினார்கள். தூரத்திலிருந்தே மூன்று குன்றுகள் தெரிந்தன: ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி. குன்றுக்குக் குன்று மதில் ஓடி முக்கோணமாக மூடுகிறது. 1190ஐ ஒட்டி ஆனந்தக் கோன் தொடங்கிவைத்ததாக மரபு. பிறகு விஜயநகரம், நாயக்கர், பிஜாப்பூர், 1677இல் சிவாஜி, பின்பு முகலாயர், பிரெஞ்சுக்காரர், 1761இல் ஆங்கிலேயர் என்று கை மாறிய கோட்டை. ராஜகிரி சுமார் 800 அடி. உச்சிக்குச் சற்றுக் கீழே 24 அடி அகலமும் 60 அடி ஆழமும் உள்ள ஒரு பிளவு, அதன்மேல் மரப்பாலம். பாலத்தை எடுத்துவிட்டால் மேலே போக வழியில்லை. நண்பர்கள் அந்தப் பாலத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள்.

அவன் நின்றது கீழே, நெற்களஞ்சியத்தில். வளைகூரை போட்ட உயர்ந்த கூடங்கள். உள்ளே போனால் கண் பழகச் சற்று நேரம் ஆகும், வவ்வால் நாற்றம், குரல் கொடுத்தால் திரும்பி வரும். சுவரின் கனத்தைக் கையை விரித்து அளந்தான். அரண்மனையைவிட இதற்குத்தான் சுவர் கனம் என்று தோன்றியது. மலை உச்சியிலும் ஒரு களஞ்சியம் இருக்கிறது. கிருஷ்ணகிரியில் எண்ணெய்க்கும் நெய்க்கும் என்று தனித் தொட்டிகளைக் காட்டுகிறார்கள். சக்கரக்குளம், செட்டிக்குளம், யானைக்குளம் என்று அடிவாரத்தில் நீர்நிலைகள். ஸ்ட்ராங்ஹோல்டில் அவன் நான்கு ஆண்டுகளாகப் போட்டுவந்த வரைபடம் தரையில் கிடந்தது.

சிவாஜியின் மகன் ராஜாராம் இங்கே இருந்தபோது, 1690இல் முகலாயத் தளபதி சுல்பிகர் கான் முற்றுகையைத் தொடங்கினான். 1698இல்தான் கோட்டை விழுந்தது. ஏறக்குறைய எட்டு ஆண்டுகள். இடையில், 1692 முடிந்து 1693 தொடங்கும் சமயத்தில், வெளியே நின்ற முகலாயப் படைக்கே சாப்பாடு இல்லாமல் போயிற்று. சந்தாஜி கோர்படேயும் தனாஜி ஜாதவும் மராட்டியக் குதிரைப்படையோடு வந்து தானிய வழிகளை அறுத்தார்கள். முற்றுகையிட்டவனே பட்டினியில் மாட்டி வந்தவாசிக்குப் பின்வாங்கினான். உள்ளே களஞ்சியம் இருந்தது, வெளியே இல்லை. திரும்பிவரும் பஸ்ஸில் நண்பர்களிடம் இதைச் சொல்லிக்கொண்டே வந்தான். திண்டிவனம் வருவதற்குள் மூன்று பேர் தூங்கிவிட்டார்கள். நாலாவது ஆள் கடைசிவரை கேட்டான். அவனும் பிறகு குருசேடர் ஆடக் கற்றுக்கொண்டான்.

வேலைக்குப் போன பிறகு நேரம் குறைந்தது. 2012இல் சென்னையிலும் தினம் இரண்டு மணி நேர மின்வெட்டு. தானாகச் சேமித்துக்கொள்ளாத விளையாட்டை யாரும் தொட முடியாது. அடுத்த ஆண்டு ஆண்ட்ராய்டில் கிளாஷ் ஆஃப் கிளான்ஸ் வந்தபோது, போரூர் சிக்னலில் நிற்கும் ஷேர் ஆட்டோவில்கூட ஆளுக்கொரு கோட்டை கட்டிக்கொண்டிருந்தார்கள். ஃபின்லாந்தின் சூப்பர்செல் செய்தது. அவனும் மூன்று மாதம் ஆடினான். பெரிய கோபுரமோ மண்டபமோ முடிய நாள்கணக்கில் காத்திருக்க வேண்டும். காத்திருக்க முடியாதவர் காசு கொடுத்துப் பச்சை ரத்தினம் வாங்கிக்கொள்ளலாம். அவனுக்கு அது பொருந்தவில்லை. எட்டு மணி நேரம் காத்திருந்து எழும் கோபுரத்தில் அவன் யோசித்தது எதுவும் இல்லை. கடிகாரம் ஓடியது மட்டும்தான். தங்கை கேட்டபோதும் அலுவலக நண்பர்கள் கேட்டபோதும் அவன் சொன்னது இதுதான்: நேரத்தை விற்கும் விளையாட்டை விட்டுவிடுங்கள், நேரத்தைச் செலவழிக்க வைக்கும் விளையாட்டை எடுங்கள். இருபது ஆண்டு பழைய விளையாட்டாக இருந்தாலும் பரவாயில்லை.

2015 டிசம்பர் முதல் தேதி இரவு பெய்த மழையில் மணப்பாக்கமும் முகலிவாக்கமும் அடையாற்றில் மூழ்கின. அவர்கள் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர். கரண்ட் இல்லை, செல்போன் சிக்னல் இல்லை. தாங்கல் என்றால் பாசனத்துக்கு நீர் தேக்கும் சிறிய ஏரி. ஊர்ப் பெயரிலேயே தண்ணீர் இருக்கிறது என்று அப்பா அடிக்கடி சொல்வார். கீழ்த்தளத்தில் இருந்த பழைய கேபினெட் நனைந்து போயிற்று. இரண்டாம் நாள் பால் பாக்கெட் நூறு ரூபாய் என்று பேச்சு வந்தது.

அம்மா இரண்டு டிரம்மையும் மாடிக்கு ஏற்றச் சொன்னாள். கையை விட்டுத் துழாவினாள். “நம்ம நாலு பேருக்குப் பன்னெண்டு நாள் வரும். கீழ் வீட்டுக்காரங்களையும் சேத்தா ஆறு நாள். கூப்பிடு அவங்கள” என்றாள். கீழ் வீட்டில் குடியிருந்தவர்கள் நால்வரும் மேலே வந்தார்கள். எதிர்வீட்டுப் பாட்டியும் வந்தாள். பாட்டிக்கு என்று தனியாக எதையும் அம்மா கணக்கில் கூட்டவில்லை. கஞ்சி ஒரு கரண்டி தண்ணீர் கூடிற்று. நான்காம் நாள் தண்ணீர் வடிந்தபோது ஒரு டிரம்மில் பாதி மிச்சமிருந்தது. அந்த நான்கு நாளும் அவன் மொட்டை மாடியில் நின்று தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தான். மக்கள் மதிப்பு என்ற எண் எங்கேயும் தெரியவில்லை. யாரும் எழுந்து போகவில்லை.

தன் ஊர் அந்த விளையாட்டுகளுக்குள் வர அவன் வெகுநாள் காத்திருக்க வேண்டியிருந்தது. ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் இரண்டாம் பாகத்தில் முதலில் இருந்தவை 13 நாகரிகங்கள். 2000இல் வந்த கான்கரர்ஸ் விரிவாக்கத்தையும் சேர்த்து 18. இந்தியா இல்லை. 2013இல் ‘இந்தியர்கள்’ என்ற ஒரே தலைப்பில் எல்லோரையும் கட்டிவைத்தார்கள். 2022 ஏப்ரலில் வந்த டைனஸ்டீஸ் ஆஃப் இந்தியாவில்தான் அது பிரிந்தது: வங்காளியர், கூர்ஜரர், திராவிடர் தனித்தனியாக வந்தார்கள்; பழைய இந்தியர் இந்துஸ்தானியர் ஆனார்கள். திராவிடருக்கான தொடர் ஆட்டம் ராஜேந்திர சோழனுடையது. சுருள்வாள் வீரர்கள் தனிப் படை. ‘உக்கு எஃகு’ ஒரு தனித் தொழில்நுட்பம். கொடுமணல் அகழாய்வில் உலைகளைப் பார்த்தவர்களுக்கு அது புதிதல்ல. பெரிய குதிரை வீரர் படை மட்டும் கிடையாது. அதைக் குறையென்று சிலர் சொன்னார்கள். பாண்டிய நாட்டுக்குக் குதிரைகள் கடல் வழியாக வந்ததையும், இங்கே வளர்க்கத் தெரியாமல் அவை மடிந்ததையும் மார்க்கோ போலோ எழுதிவைத்திருக்கிறார். கப்பலும் காலாட்படையும் வலுத்திருக்க, குதிரை மெலிந்திருப்பது சரியான கணக்குதான்.

அந்த விரிவாக்கத்தை இறக்கிய இரவு, மூன்று குடியானவர்களில் ஒருத்தியை அழுத்தினான். அவள் தமிழில் பேசினாள். 2003இல் அந்த மாடியில் உட்கார்ந்து, புரியாத மொழியில் முனகும் குடியானவனை மரம் வெட்ட அனுப்பிய பையனுக்கு அந்தக் குரல் போய்ச் சேர வேண்டும் என்று அவனுக்கு இருந்தது. மறுபடியும் அழுத்தினான். மறுபடியும் பேசினாள். அன்றைக்கு அவன் ஆட்டத்தைத் தொடங்கவேயில்லை.

2024 ஏப்ரலில் போலந்துக்காரர் கிரெக் ஸ்டிச்சென் ஏறக்குறையத் தனியாளாகச் செய்த மேனர் லார்ட்ஸ் வந்தது. முதல் நாளிலேயே பத்து லட்சம் பிரதிகள் விற்றன. அதில் ஒரு எருது மரத்தை இழுத்து வரும்வரை வீடு எழாது. வீட்டின் பின்னால் தோட்டம் போட்டுக் காய்கறி வளர்க்கலாம். குளிர்காலத்துக்கு விறகும் உணவும் சேரவில்லை என்றால் ஊர் சோர்ந்துவிடும். கோட்டை வெகுநேரம் கழித்துத்தான் வருகிறது. அதற்குள் ஊர் ஒன்று உண்டாகியிருக்கும். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு இப்போது அவன் சொல்வது இதையும், அதற்கு வேண்டிய கம்ப்யூட்டர் இல்லாதவர்களுக்குப் பழைய ஸ்ட்ராங்ஹோல்டையும்தான்.

2025 ஜூலையில் இரண்டு செய்திகள் நான்கு நாள் இடைவெளியில் வந்தன. 11ஆம் தேதி, இந்தியாவின் மராட்டிய ராணுவ நிலக்காட்சிகள் என்ற பெயரில் 12 கோட்டைகளை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. மகாராஷ்டிரத்துக்கு வெளியே இருப்பது ஒன்றே ஒன்று, செஞ்சி. 15ஆம் தேதி, ஸ்ட்ராங்ஹோல்ட் குருசேடர் புதுப்பித்த வடிவில் வெளியானது. அந்தச் சனிக்கிழமை தங்கை குடும்பத்தோடு வந்திருந்தாள். அவள் மகனுக்குப் பத்து வயது. பூந்தமல்லி சாலை நெடுக நீளும் மெட்ரோ பாலத்தின் தூண்களை ஜன்னலிலிருந்து எண்ணிக்கொண்டிருந்தவனை அழைத்து, அவன் புது குருசேடரைத் திறந்து காட்டினான்.

“மாமா, முதல்ல எதக் கட்டணும்?”

“நீயே பாரு.”

பையன் மதிலை இழுத்தான். நீளமாக, அழகாக, திரையின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை. அவன் தடுக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் நெருப்போரம் உட்கார்ந்திருந்தவர்களில் ஒருவன் எழுந்தான். பையன் மவுஸை விட்டுவிட்டு மாமாவைப் பார்த்தான்.

“எங்க மாமா போறான்?”

“கேளு அவன.”

பையன் ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்துக்கொண்டே போனான். கிடங்கு, ஆயுதக்கூடம், அரண்மனை. களஞ்சியத்துக்கு வந்தபோது சற்று நின்றான்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை செஞ்சிக்குப் போவதாக முடிவாகியிருந்தது. ராஜகிரி ஏற காலையிலேயே போய்ச்சேர வேண்டும். ஐந்து மணிக்குக் கார் வரும். சமையலறையில் புளிக்காய்ச்சல் வாசனை வந்தது. அம்மா பாத்திரத்தோடு வாசலுக்கு வந்து நின்றாள்.

“எத்தன பேருடா போறீங்க?”

“ஆறு பேரும்மா.”

“டிரைவரச் சேத்தா?”

“ஏழு.”

அவள் உள்ளே போய் இன்னும் ஒரு ஆழாக்கு அரிசி எடுத்துக் களைந்தாள்.